மேட்டர்ஹார்ன், செர்வினோ, ஹோரு: ஒரு சிகரத்துக்குப் பெயர் வந்த வழி

விடை நீளமானது. ஆகவே எதற்கு விடை சொல்கிறேன் என்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் புவியியல் பாடத்தில் ‘மேட்டர்ஹார்ன்’ என்று நீங்கள் படித்த மலையை இத்தாலியர்கள் ‘செர்வினோ’ என்றும், பிரெஞ்சு பேசுவோர் ‘ஸெர்வேன்’ என்றும் அழைப்பதை அண்மையில் அறிந்திருக்கிறீர்கள். இத்தாலிய மொழியில் ‘செர்வோ’ என்றால் மான். ஜெர்மனில் ‘ஹார்ன்’ என்றால் கொம்பு. அப்படியானால் மலையின் இரு பக்கத்தாரும் ‘மான் கொம்பு’ என்ற ஒரே பெயரைத்தான் தத்தம் மொழியில் வைத்தார்களா என்று கேட்கிறீர்கள். அதற்கு முந்தைய பெயர் ஏதாவது உண்டா, தமிழில் எழுதும்போது எதைப் பயன்படுத்துவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு என் விடை, ‘இல்லை’. மான் இந்தப் பெயருக்குள் மிகப் பிற்காலத்தில் நுழைந்தது. அது நுழைந்த வழியைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் சுவிட்சர்லாந்தில் ஒரு நூலகத்தின் வரைபடப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். பழைய நில வரைபடங்களில் இருக்கும் ஊர், ஆறு, மலைப் பெயர்களைப் படித்து, இன்றைய பெயர்களோடு பொருத்தி அட்டவணை எழுதுவது என் அன்றாட வேலையாக இருந்தது. இலத்தீனும் பழைய ஜெர்மன் கையெழுத்தும் அதற்காகக் கற்றவை. ஆனால் மலையின் தெற்குப் பக்கத்தில் பேசப்படும் பிராங்கோ-புரொவான்சால் பேச்சுமொழியில் எனக்கு முறையான பயிற்சி கிடையாது. அந்த மொழியின் ஒலி மாற்றங்களைப் பற்றிப் பேசும் இடங்களில் மொழியியலாளர்கள் சொன்னதைச் சார்ந்தே பேசுகிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால் பெயர்களில் பாதி தானாகவே விளங்கிவிடும். 4,478 மீட்டர் உயரமுள்ள இந்தச் சிகரம் சுவிட்சர்லாந்து, இத்தாலி நாடுகளின் எல்லைக் கோட்டின் மேலேயே நிற்கிறது. வடக்கே வாலே மாநிலத்தின் செர்மாட் ஊர். அங்கே பேசுவது ஜெர்மன் மொழியின் மலைநாட்டு வழக்கு. தெற்கே ஆவோஸ்டா பள்ளத்தாக்கைச் சேர்ந்த வால்தூர்னான்ஷ். அந்தப் பள்ளத்தாக்கின் தலைப்பில், மலையின் நேரடிக் காலடியில், ப்ரோய் என்ற சிற்றூர். சிகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 3,300 மீட்டர் உயரத்தில் பனியாறு மூடிய ஒரு கணவாய் இருக்கிறது. வாலே பகுதியின் முதல் பிஷப்பாகப் போற்றப்படும் புனித தியோடுலின் பெயரால் அது இன்று தியோடுல் கணவாய் எனப்படுகிறது. இந்தக் கணவாயை நினைவில் நிறுத்துங்கள். பெயர் ஆராய்ச்சி முழுவதும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

ஜெர்மன் பெயரைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. ‘மாட்டெ’ என்றால் புல்வெளி. ‘செர்மாட்’ என்ற ஊர்ப்பெயருக்கே ‘புல்வெளியருகே’ என்றுதான் பொருள். ஜெர்மன் பேசுவோர் அந்தப் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் நிலைகொள்வதற்கு முன்பு அங்கே இலத்தீன் வழி வந்த மொழி பேசப்பட்டது. 1280ஆம் ஆண்டு ஆவணத்தில் ஊரின் பெயர் ‘பிராட்டோபோர்னோ’ என்ற வடிவில் வருகிறது. பிற்காலத்தில் அதுவே ‘பிராபோர்ன்’ ஆயிற்று. அதன் முதல் பகுதியான ‘பிராட்டோ’வும் புல்வெளிதான். ஆக, பேசும் மொழி மாறியும் ஊர்ப்பெயரில் புல்வெளி அப்படியே நீடித்தது. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘மாட்’ என்ற ஜெர்மன் பெயரையும் பழைய பெயரையும் ஆவணங்கள் சேர்த்தே குறிப்பிடுகின்றன. பிறகு பழையது மெல்ல மறைந்தது. மேட்டர்ஹார்ன் என்பது அந்த மாட் ஊரின், அந்த மாட்டர் பள்ளத்தாக்கின் கொம்பு. சிலர் இதைப் ‘புல்வெளிகளின் நடுவே எழும் சிகரம்’ என்று கவித்துவமாக விளக்குவார்கள். அதைவிட ‘மாட் ஊர்க்காரர்களின் சிகரம்’ என்று எளிமையாகப் படிப்பதே சரி என்பது என் கருத்து.

இதில் வரும் ‘ஹார்ன்’ எந்த விலங்கின் கொம்பையும் குறிப்பாகச் சுட்டுவதில்லை. சுவிஸ் ஜெர்மனில் கூர்மையாக எழும் சிகரம் எதுவானாலும் ‘ஹார்ன்’தான். வைஸ்ஹார்ன், பிரைட்ஹார்ன், ரோட்ஹார்ன், ஷ்ரெக்ஹார்ன், ஃபின்ஸ்டரார்ஹார்ன் என்று ஆல்ப்ஸ் மலைத்தொடர் முழுவதும் ஹார்ன்கள் நிற்கின்றன. வெள்ளைக் கொம்பு, அகன்ற கொம்பு, செங்கொம்பு என்று பொருள் சொல்லிக்கொண்டே போகலாம். தமிழருக்கு இது புதிதாக இருக்காது. ‘கோடு’ என்ற நம் பழஞ்சொல் விலங்கின் கொம்பையும் குறிக்கும், மலையின் உச்சியையும் குறிக்கும். திருச்செங்கோடு என்ற பெயரைக் கேட்டு யாரும் மாட்டையோ மானையோ தேடுவதில்லை. பனியாறுகள் பல பக்கங்களிலும் குடைந்ததால் பிரமிடு வடிவம் பெற்ற சிகரங்கள் அனைத்துக்கும் நம் பாடப்புத்தகங்கள் ‘மேட்டர்ஹார்ன்’ என்று பொதுப்பெயர் வைத்திருக்கின்றன. ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய தனிப்பெயர் இப்படிக் கலைச்சொல்லாகிவிட்டது.

ஆனால் செர்மாட்டின் பழைய குடும்பங்களில் பிறந்தவர்கள் தங்களுக்குள் பேசும்போது அதை மேட்டர்ஹார்ன் என்று சொல்வதில்லை. ‘ஹோரு’ என்பார்கள், வெறும் ‘கொம்பு’ என்று பொருள். தெற்கே வால்தூர்னான்ஷின் வழிகாட்டிகள் அதை ‘கிரான் பெக்கா’ என்றார்கள். ‘பெக்கா’ என்பது அவர்கள் பேச்சில் கூரிய சிகரம். ‘கிரான் பெக்கா’ என்றால் பெரிய சிகரம், அவ்வளவுதான். இந்த இரண்டு பெயர்களும் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுகின்றன. மலைக்கு மிக அருகில் வாழ்ந்தவர்களுக்கு அதை வேறொன்றிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. தலையை நிமிர்த்தினால் தெரிவது ஒன்றே ஒன்று. ‘எந்தக் கொம்பு?’ என்று வெளியூர்க்காரர் கேட்கும்போதுதான் ‘மாட் ஊரின் கொம்பு’ என்று அடைமொழி வேண்டியிருக்கிறது. மேட்டர்ஹார்ன் என்ற பெயரே வெளியிலிருந்து பார்ப்பவருக்காக அமைந்த வடிவம்.

இதற்கு வாழ்க்கை சார்ந்த காரணமும் உண்டு. ஆல்ப்ஸ் மலைவாழ் மக்கள் மாடும் ஆடும் வளர்த்துப் பிழைத்தவர்கள். புல் முளைக்கும் சரிவுக்கும், நீரோடைக்கும், விறகு கிடைக்கும் காட்டுக்கும், பனிச்சரிவு விழும் பள்ளத்துக்கும், மறுபக்கச் சந்தைக்குப் போகும் கணவாய்க்கும் அவர்கள் நுணுக்கமாகப் பெயர் வைத்திருந்தார்கள். நாலாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் பாறை உச்சியால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. ‘ஆல்ப்’ என்ற சொல்லே சுவிஸ் வழக்கில் கோடைக்கால மேய்ச்சல் நிலத்தைத்தான் குறிக்கிறது. வெளியார்தான் அதைப் பனிச்சிகரங்களின் பெயராக்கினார்கள். ஆகவே பழைய ஆவணத்தில் மலைப்பெயர் போல ஒன்று வந்தால், அது உண்மையில் எதைக் குறிக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். வரைபடப் பிரிவில் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்ட முதல் பாடங்களில் இதுவும் ஒன்று.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் செர்வினோ என்ற பெயரின் மூலத்தைத் தேடினால் வழி தவறிவிடும். பதினாறாம் நூற்றாண்டு அறிஞர்கள் இந்தப் பகுதியில் ‘மோன்ஸ் சில்வியுஸ்’ என்ற இலத்தீன் பெயரைக் குறிக்கிறார்கள். கிளாருஸ் ஊரைச் சேர்ந்த ஏகிடியுஸ் சூடி 1538இல் வெளியான நூலிலும், சூரிச்சின் யோசியாஸ் சிம்லர் 1574இல் ஆல்ப்ஸ் மலைகளைப் பற்றி எழுதிய இலத்தீன் நூலிலும் இதைக் காணலாம். சிம்லரின் நூல் ஆல்ப்ஸையே முழுப் பொருளாகக் கொண்ட முதல் நூல் என்று மதிக்கப்படுவது. இதே இடத்துக்கு ஜெர்மனில் ‘ஔக்ஸ்டால்பெர்க்’ என்ற பெயரும் அந்தக் கால எழுத்துகளில் வருகிறது. ஔக்ஸ்டால் என்பது ஆவோஸ்டா பள்ளத்தாக்கு. கி.மு. 25இல் சலாசி இனத்தவரை அடக்கியபின் உரோமானியர் நிறுவிய ‘அவுகுஸ்டா பிரெடோரியா’ நகரின் பெயர்தான் ஆவோஸ்டா என்று தேய்ந்தது. அதன் ஜெர்மன் வடிவம் ஔக்ஸ்ட்.

இலத்தீன் ‘மோன்ஸ்’, ஜெர்மன் ‘பெர்க்’ இரண்டுக்கும் அகராதியில் ‘மலை’ என்றுதான் இருக்கும். ஆனால் ஆல்ப்ஸ் பகுதியின் பழைய வழக்கில் இவை பெரும்பாலும் கணவாயைக் குறித்தன. இன்று பெரிய செயின்ட் பெர்னார்ட் எனப்படும் கணவாயை உரோமானியர் காலத்திலிருந்து ‘மோன்ஸ் யோவிஸ்’, அதாவது யூபிடர் மலை, என்றார்கள். மோன் செனி ஒரு கணவாய். மோன்ழெனேவ்ர் ஒரு கணவாய். பயணிக்கு ‘மலை’ என்றால் ஏறிக் கடக்க வேண்டிய இடம். அண்ணாந்து பார்க்கும் உச்சிக்கு அவன் பயணக் குறிப்பில் இடமில்லை. ஔக்ஸ்டால்பெர்க் என்பது செர்மாட்டிலிருந்து ஆவோஸ்டா பள்ளத்தாக்குக்குக் கடந்து செல்லும் வழி என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் பொருந்திவிடுகிறது. மோன்ஸ் சில்வியுஸ் என்பதும் அதே கணவாய்தான், இன்றைய தியோடுல் கணவாய்தான் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அந்தக் கணவாயில் மனித நடமாட்டம் எவ்வளவு பழையது என்பதற்குப் பனியே சான்று வைத்திருக்கிறது. கணவாயின் மேல் உரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. 1980களின் நடுவிலிருந்து தியோடுல் பனியாறு உருகியபோது, ஏறத்தாழ 1600ஆம் ஆண்டு காலத்தில் இறந்த ஒருவரின் எலும்புகளும், வாளும் கைத்துப்பாக்கியும் காசுகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கோவேறு கழுதைகளின் எலும்புகளும் கிடைத்தன. சரக்கும் ஆளும் போய்வந்த பாதை அது. சிகரத்தின் உச்சியில் மனிதக் கால் படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதன் பக்கத்துக் கணவாய்க்குப் பெயரும் புழக்கமும் இருந்தன. கணவாயின் பெயர் மெல்ல நகர்ந்து பக்கத்துச் சிகரத்தின்மேல் ஏறியது. 1682இல் ஆன்டன் லாம்பியன் வரைந்த வாலே வரைபடத்தில் சிகரத்துக்கு ‘மாட்டர் டியோல்டின் ஹார்ன்’ என்று எழுதியிருக்கிறது. ‘டியோல்டின்’ என்பதைத் தியோடுல் என்ற பெயரின் திரிந்த வடிவமாகவே படிக்கிறேன். ஊரின் பெயரும் கணவாயின் பெயரும் ஒன்றுசேர்ந்து சிகரத்துக்கு அடையாளம் கொடுக்கின்றன. சிகரத்துக்கென்று சொந்தமாக ஒரு பெயர் இன்னும் நிலைபெறவில்லை. எனக்கு மிகவும் பிடித்த வரைபடப் பெயர்களில் இதுவும் ஒன்று.

சரி, சில்வியுஸ் என்றால் என்ன? இங்கிருந்து உறுதி குறைகிறது. நேரான விளக்கம், இலத்தீனில் ‘சில்வா’ என்றால் காடு, ஆகவே ‘காட்டுக் கணவாய்’ என்பது. செர்மாட் பக்கத்துச் சரிவுகளில் லார்ச், ஆரோலா பைன் மரக் காடுகள் இன்றும் உயரமாக ஏறி நிற்கின்றன. காட்டைத் தாண்டிக் கணவாய்க்குப் போகும் பாதைக்கு அப்படி ஒரு பெயர் அமைவது இயல்பானது. ‘மோன்ஸ் சில்வானுஸ்’ என்ற வடிவமும் பழைய குறிப்புகளில் வருவதால் இந்த விளக்கத்துக்குக் கொஞ்சம் வலு கூடுகிறது. இன்னொரு விளக்கம் பெரிய மனிதர் ஒருவரைக் கொண்டுவருகிறது. சீசரின் தளபதிகளில் ஒருவரான செர்வியுஸ் கால்பா கி.மு. 57இல் ஆல்ப்ஸ் கணவாய்களை வணிகர்களுக்குத் திறந்துவிட அனுப்பப்பட்டார். அவர் பெயரான செர்வியுஸ்தான் சில்வியுஸ் என்றும் பிறகு செர்வேன் என்றும் மாறியது என்பார்கள். சில்வியுஸ் என்ற உரோமானியத் தலைவர் ஒருவரை ஊகித்த சிம்லரிடமிருந்து இந்த எண்ணம் தொடங்குவதாகச் சொல்வதுண்டு. கால்பாவோடு அதை முடிச்சுப் போட்டவர்கள் பின்னால் வந்தவர்கள்.

இந்தக் கால்பா கதையை நான் ஏற்பதில்லை. காரணம் சீசரின் போர்க்குறிப்புகளிலேயே இருக்கிறது. கால்பா இன்றைய மார்ட்டினி நகரம் இருக்கும் இடத்தில் குளிர்காலப் பாசறை அமைத்தார். மலைவாழ் மக்கள் திரண்டு தாக்கினார்கள். கடும் சண்டைக்குப் பிறகு ஊரை எரித்துவிட்டு அடுத்த நாளே கீழே பின்வாங்கிவிட்டார். அவர் ஆளை அனுப்பிப் பாதை திறந்ததாக எந்தச் செய்தியும் இல்லை. மார்ட்டினிக்கு நேர் மேலே இருப்பது பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாய். தியோடுல் கணவாயோ அங்கிருந்து பல நாள் நடைத் தூரத்தில், வேறொரு பள்ளத்தாக்கின் தலைப்பில் இருக்கிறது. வந்த நோக்கம் நிறைவேறாமல் திரும்பிய ஒருவரின் பெயரை, அவர் போகாத ஓர் இடத்துக்கு, உள்ளூர் மக்கள் நூற்றாண்டுகளாகப் பாதுகாத்தார்கள் என்று நம்ப எனக்கு இன்னும் வலுவான சான்று வேண்டும். பெயர் விளங்காத இடத்தில் படைத்தலைவர் ஒருவரை நிறுத்தி வைப்பது மறுமலர்ச்சிக் கால அறிஞர்களுக்குப் பழக்கமான வழி. காடு என்ற விளக்கம் உறுதியானது என்று சொல்லமாட்டேன். இருப்பவற்றில் ஏற்கத்தக்கது என்று சொல்வேன்.

சில்வியுஸ் எப்படி ஸெர்வேன் ஆனது என்பதற்கு அந்தப் பள்ளத்தாக்கின் பேச்சே வழிகாட்டுகிறது. ஆவோஸ்டா பக்கத்துப் பேச்சில் மெய்யெழுத்துக்கு முன்னால் வரும் லகர ஒலி ரகரமாக மாறுவதைப் பார்க்கலாம். மேய்ச்சல் நிலத்தைக் குறிக்கும் ‘ஆல்ப்’ அங்கே ‘ஆர்ப்’ ஆகிறது. அந்தப் பகுதி இடப்பெயர்களில் ஆர்ப் என்ற முன்னொட்டை அடிக்கடி காண்கிறோம். இந்த மொழியை ‘ஆர்ப்பிதான்’ என்று இன்று பலர் அழைப்பதும் அந்தச் சொல்லிலிருந்துதான். அதே வழியில் ‘சில்வ்’ என்ற அடி ‘சிர்வ்’, ‘செர்வ்’ என்று மாறுவதில் வியப்பில்லை. இந்த மாற்றம் எந்த நூற்றாண்டில் நடந்தது என்பதற்குத் தொடர்ச்சியான ஆவண வரிசை நம் கையில் இல்லை. ஆகவே இதை நிறுவப்பட்ட உண்மை என்று எழுதாமல், ஒலி வழக்கோடு நன்றாகப் பொருந்தும் விளக்கம் என்று மட்டும் எழுதுங்கள்.

இப்போது மானுக்கு வருவோம். சில்வியுஸிலிருந்து பிறந்த வடிவம் எஸ் (S) எழுத்தில் தொடங்க வேண்டும். இன்றைய எழுத்து சி (C). பிரெஞ்சில் இந்த இடத்தில் எஸ் எழுதினாலும் சி எழுதினாலும் ஒலி ஒன்றே: ஸெர்வேன். ஆவோஸ்டா பள்ளத்தாக்கில் 1561 முதல் ஆட்சி ஆவணங்கள் இலத்தீனை விட்டுப் பிரெஞ்சில் எழுதப்பட்டன என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். எழுதுபவர் கை தவறினாலும் படிப்பவர் காதுக்கு வித்தியாசமே தெரியாது. அந்த நிலையில் ‘ஸெர்’ என்றால் பிரெஞ்சில் மான் என்ற நினைவு சேர்ந்தால் போதும், எழுத்து மாறிவிடும். ஜெனீவாவின் இயற்கை ஆய்வாளர் ஒராஸ்-பெனெடிக்ட் டி சசூர்தான் மானோடு தொடர்புபடுத்தி எஸ் எழுத்தைச் சி ஆக்கினார் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒரு தனி மனிதர் ஒரே நாளில் மாற்றினார் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. எழுத்து வழக்குகள் அப்படி மாறுவது அரிது. ஆனால் 1792இல் தியோடுல் கணவாயில் கூடாரமிட்டுத் தங்கி அந்தச் சிகரத்தின் உயரத்தை அளந்தவர் அவர். ஏறத்தாழ 4,500 மீட்டர் என்று அவர் கணக்கிட்டது, அன்றைய கருவிகளை நினைத்தால், மலைக்க வைக்கும் துல்லியம். அவருடைய ஆல்ப்ஸ் பயண நூல் நான்கு தொகுதிகளாக ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்டது. அதில் இருந்த எழுத்து வடிவம் நிலைபெற்றதில் வியப்பில்லை. குறியீட்டுக்கும் பொருளுக்கும் இயற்கையான தொடர்பு இல்லை என்று மொழியியலில் நிறுவிய ஃபெர்டினான்ட் டி சசூர் இவருடைய கொள்ளுப்பேரன். தமிழில் இலக்கியக் கோட்பாடு படித்தவர்களுக்குப் பழகிய பெயர் என்பதால் சொல்கிறேன்.

இத்தாலியில் கதை வேறு. அங்கே சி எழுத்து இந்த இடத்தில் ‘ச்செ’ என்று அழுத்தமாக ஒலிக்கும். ஆகவே பிரெஞ்சு எழுத்து வடிவத்தை எடுத்து இத்தாலியமாக்கியபோது ‘செர்வினோ’ என்று ஒலியும் மாறியது. அதற்குப் பிறகு மானை வெளியேற்ற வழியில்லாமல் போயிற்று. இத்தாலிய மொழி தெரிந்த எவருக்கும் அந்தப் பெயர் மானைத்தான் நினைவூட்டும். மலையின் உயர்ந்த பாறைகளில் வாழ்வது ஷாமுவா என்ற மலையாடும் ஐபெக்ஸ் காட்டாடும்தான், செர்வோ எனப்படும் செந்நிற மான் காட்டுக்குரியது என்று சிலர் எதிர்வாதம் வைப்பதுண்டு. அதை நான் வலுவான வாதமாக எடுத்துக்கொள்வதில்லை. பெயர் கணவாயுடையது என்றால் விலங்கு எங்கே வாழ்கிறது என்பது ஒரு பொருட்டில்லை. என்னைப் பொறுத்தவரை முடிவு சொல்வது பழைய இலத்தீன் வடிவம். 1538லும் 1574லும் சில்வியுஸ் என்று எழுதியவர்கள் மானைக் குறிக்கும் ‘செர்வுஸ்’ என்ற சொல்லை நன்றாக அறிந்த இலத்தீன் அறிஞர்கள். அவர்கள் காலத்தில் மான் பொருள் வழக்கில் இருந்திருந்தால், அதை விட்டுவிட்டுச் சில்வியுஸைப் போய்ப் பிடித்திருக்க மாட்டார்கள்.

உங்கள் ஊகத்தில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இலத்தீன் ‘செர்வுஸ்’ என்ற மானும், ஜெர்மன் ‘ஹார்ன்’ என்ற கொம்பும், இலத்தீன் ‘கோர்னு’ என்ற கொம்பும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மிகப் பழைய ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. மான் என்பதே ‘கொம்புடையது’ என்ற பொருளில் அமைந்த பெயர். அந்த உறவைக் கண்டுவிட்டு இரண்டு மலைப்பெயர்களையும் ஒன்றாக்கியவர்கள் நீங்கள் மட்டும் இல்லை. ஆனால் சொற்களுக்கு இடையிலான உறவு பெயர்களுக்கு இடையிலான உறவாகிவிடாது. ஒரு பெயரில் கொம்பு உண்மையானது. மற்றதில் மான் எழுத்துப்பிழையாலும் பின்வந்த எண்ணத்தாலும் வந்தது.

இப்படி நடப்பது அந்த வட்டாரத்தில் விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்திலேயே இருக்கும் மோன்டே ரோசாவைப் பாருங்கள். விடியலிலும் அந்தியிலும் அந்தப் பனிமலை இளஞ்சிவப்பாக ஒளிரும். ரோசா என்றால் இத்தாலியில் ரோஜா நிறம். விளக்கம் கண்ணெதிரே நிற்பதால் யாரும் மேலே கேட்பதில்லை. உண்மையில் அந்தப் பெயர் ஆவோஸ்டா பள்ளத்தாக்கின் பேச்சில் பனியாற்றைக் குறிக்கும் ‘ருவேசா’ போன்ற ஒரு சொல்லிலிருந்து வந்தது. பனியாறுகள் நிறைந்த மலை என்பதுதான் பொருள். இது பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. அதே மலைக்கூட்டத்தின் 4,634 மீட்டர் உச்சிக்கு, சுவிட்சர்லாந்தின் மிக உயர்ந்த புள்ளிக்கு, 1863இல் சுவிஸ் அரசு வரைபடப் பணிக்குத் தலைமை தாங்கிய தளபதி டுஃபூரின் பெயரை வைத்தது. உள்ளூர்ப் பேச்சு, வரைபடக்காரர்கள், அரசாணை என்று மூன்று வழிகளிலும் பெயர்கள் வந்து சேர்கின்றன. எது எந்த வழியில் வந்தது என்று பிரித்தறிவதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

மேட்டர்ஹார்ன் என்ற ஜெர்மன் வடிவம் உலகப் பெயரானதற்கு 1865 ஜூலை 14 காரணம். ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பர் உள்ளிட்ட எழுவர் செர்மாட் பக்கத்திலிருந்து முதன்முறையாக உச்சியை அடைந்தார்கள். இறங்கும்போது கயிறு அறுந்து மிஷேல் குரோ, சார்லஸ் ஹட்சன், டக்ளஸ் ஹாடோ, பிரபு பிரான்சிஸ் டக்ளஸ் நால்வரும் விழுந்து இறந்தார்கள். பிரபு பிரான்சிஸ் டக்ளஸின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்தச் செய்தி ஆங்கிலப் பத்திரிகைகள் வழியாக உலகெங்கும் பரவியபோது செர்மாட்டின் பெயரே உடன் பரவியது. மூன்று நாள் கழித்து, ஜூலை 17 அன்று, வால்தூர்னான்ஷ் ஊரைச் சேர்ந்த ஜான்-அன்டுவான் காரெல் இத்தாலிய முகட்டு வழியாக உச்சியை அடைந்தார். ஏறும் முயற்சியில் பல ஆண்டுகள் செலவிட்ட அந்த ஊர்க்காரர் முதலில் போய்ச் சேர்ந்திருந்தால், இன்று நம் பாடப்புத்தகத்தில் ‘ஸெர்வேன்’ என்று இருந்திருக்கக்கூடும்.

தெற்குப் பக்கத்தில் பெயர் அரசியலும் கலந்தது. 1930களில் முசோலினி ஆட்சி ஆவோஸ்டா பள்ளத்தாக்கின் பிரெஞ்சுப் பெயர்களை இத்தாலியமாக்கியபோது, சுற்றுலா ஊராக வளர்ந்துகொண்டிருந்த ப்ரோய், மலையின் பெயரிலிருந்து ‘செர்வினியா’ என்ற புதுப்பெயரைப் பெற்றது. போருக்குப் பிறகு மற்ற ஊர்கள் பழைய பெயருக்குத் திரும்பின. இங்கே ‘ப்ரோய்-செர்வினியா’ என்று இரண்டும் ஒட்டிக்கொண்டன. 2023இல் பழைய ‘ல ப்ரோய்’ என்பதை மட்டும் அதிகாரப்பூர்வமாக்கும் முடிவு வெளியானதும், செர்வினியா என்ற பெயரில் பிழைப்பு நடத்துவோர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், நகராட்சியும் பின்வாங்கியது. அந்த எதிர்ப்பை நான் குறைசொல்லமாட்டேன். திணிக்கப்பட்ட பெயரானாலும் மூன்று தலைமுறை அதில் வாழ்ந்திருக்கிறது.

தமிழில் எதை எழுதுவது என்ற கடைசிக் கேள்விக்கு என் பழக்கத்தைச் சொல்கிறேன். புவியியல் கட்டுரையிலும் பொதுவான பேச்சிலும் மேட்டர்ஹார்ன் என்றே எழுதுங்கள். நம் வாசகர்களுக்குப் பழகிய பெயர் அது. காரெலைப் பற்றியோ வால்தூர்னான்ஷ் வழிகாட்டிகளைப் பற்றியோ எழுதினால் முதல்முறை ‘செர்வினோ (மேட்டர்ஹார்ன்)’ என்று குறித்துவிட்டு, பிறகு செர்வினோ என்றே தொடருங்கள். அவர்கள் வாயில் மேட்டர்ஹார்ன் என்ற சொல்லை வைக்க வேண்டாம். பதினாறாம் நூற்றாண்டு நூல்களை மேற்கோள் காட்டும்போது மோன்ஸ் சில்வியுஸ் என்பதை மேட்டர்ஹார்ன் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். ‘இன்றைய தியோடுல் கணவாய்’ என்று அடைப்புக்குறியில் குறிப்பதே சரி. ‘மான் கொம்பு மலை’ என்று மட்டும் எங்கும் எழுத வேண்டாம்.